வான்கூவரில் தண்ணீர் வேண்டாம்

செப். 10, புதன்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. மணலிப் பக்கமிருந்து காற்று, கூடவே கேஸ் நாற்றம். ஆபீஸில் ஏ.சி. மறுபடி படுத்துவிட்டது. கன்டெய்னர் யார்டு கேட்டுக்கு வெளியே டிரெய்லர் வரிசை எண்ணூர் ரோடு வரை. டிரைவர்கள் வண்டிக்கு அடியில் துண்டு விரித்துத் தூக்கம். என் வேலை அவர்களுக்கு கேட் பாஸ் போடுவது. அவர்கள் வேலை என்னைத் திட்டுவது.

சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது என் வீட்டுக்காரர் சேகரிடமிருந்து மெசேஜ். கொரியாவில் சரக்கை இறக்கிவிட்டுக் காலியாக வந்துகொண்டிருந்த கப்பலுக்கு நடுக்கடலில் ஆர்டர் வந்ததாம். வான்கூவர். கனடா. கோதுமை ஏற்ற வேண்டும். அடுத்த சனி, ஞாயிறு துறைமுக ஜெட்டி மேடையில் கயிறு கட்டி நிற்குமாம். அவர் அதில் போசன், டெக் ஆட்களுக்கு மேஸ்திரி; அவருக்கு இரண்டு நாளும் பகலில் இறங்க அனுமதி கிடைக்கலாமாம்.

சோறு அப்படியே நின்றது. கனடாவில்தான் யசோ இருக்கிறாள். என் மகள். (எனக்கு நானே எதற்கு இதை எழுதுகிறேன்.) அவள் படிக்கிற காம்லூப்ஸிலிருந்து வான்கூவர் அரை நாள் பஸ்.

அப்பனும் மகளும் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்து மூன்று வருஷம் ஆகப் போகிறது. அவள் மீனம்பாக்கத்தில் விமானம் ஏறியபோது அவர் ஆப்பிரிக்கா பக்கம். அவர் பெட்டியோடு வீட்டுக்கு வந்தபோதெல்லாம் அவள் அங்கே. போனில் பேசுவது இவ்வளவுதான்:

“சாப்ட்டியா கண்ணு?”
“சாப்ட்டேன் நைனா. நீ?”
“ஆச்சு.”

பிறகு இரண்டு பேரும் நான் ஏதாவது பேச வேண்டும் என்று காத்திருப்பார்கள்.

இன்னொன்று. இதை இங்கே எழுதலாம், யார் படிக்கப் போகிறார்கள். ஜோயல். பிலிப்பைன்ஸ் பையன். காம்லூப்ஸில் முதியோர் இல்லத்தில் வேலை. யசோ அவனைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறாளாம். எனக்கு மட்டும் தெரியும். நீயே நைனாவிடம் சொல்லும்மா என்று கோடையிலிருந்து கெஞ்சுகிறாள். முடியாது என்றேன். போனில் சொன்னால் அவர் “சரி” என்று வைத்துவிடுவார். அப்புறம் நடுக்கடலில் தனியாக அதை மென்றுகொண்டிருப்பார். பக்கத்தில் ஒரு மனுஷி இருக்க மாட்டாள். நேரில், முகம் பார்த்து, அவள் வாயாலேயே சொல்லட்டும்.

ஜாதி, மதம், நிறம், எதற்கும் அவர் முறைக்க மாட்டார். அவருக்கு ஒரே ஒரு பிடிவாதம். யசோ பிறந்த நாளிலிருந்து சொல்வது: “யாருக்கு வோணா குடு மே. கப்பல்காரனுக்கு மட்டும் குடுக்காத.” அவர் கப்பலில் பாதிக்கு மேல் பிலிப்பைன்ஸ்காரர்கள். பிலிப்பைன்ஸ் என்றாலே அவருக்குக் கப்பல்தான். அதுதான் என் பயம்.

சரி. இரண்டு நாள் கிடைத்திருக்கிறது. பிளான் போட வேண்டும். அதெல்லாம் என் வேலைதான் இந்த வீட்டில்.

செப். 11, வியாழன்

ஷேர் ஆட்டோவில் வியாசர்பாடி வரும் வரை யூடியூப். வான்கூவர் ஊர் சுற்றும் வீடியோக்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், “இன்னாக்கா, ஃபாரின் போறியா?” “எங்க வூட்டுக்காரர் போறாரு.” “நீ போலியா?” “எனக்கு லீவு இல்ல.” நன்றாகத்தான் சமாளித்தேன்.

பிளான், முதல் வரைவு:

சனி காலை: யசோ பஸ்ஸை விட்டு இறங்கி துறைமுக கேட். நைனாவை அழைத்துக்கொள்வது.
கடற்கரை. இங்கிலீஷ் பே என்று பெயர். மணலில் மரக்கட்டைகள் போட்டு வைத்திருக்கிறார்கள், சாய்ந்து உட்கார.
குட்டிப் படகில் மார்க்கெட் தீவு. மீன் இருக்கும்.
கடலை ஒட்டிய நடைபாதை.
மீன் காட்சிசாலை.
ஞாயிறு: பயணிகள் கப்பலில் அக்கரை, அங்கிருந்து மலை.
சாப்பாடு: இலங்கைத் தமிழர் கடை ஒன்று தேடணும்.
ஜோயல் விஷயம்: சனி மதியம், சாப்பிட்ட பிறகு. வெறும் வயிற்றில் கூடாது.

எழுதி முடிப்பதற்குள் எம்.கே.பி. நகர் ஸ்டாப்பைத் தாண்டி விட்டேன். திரும்பி நடந்தேன். சாக்கடைப் பள்ளம் இன்னும் மூடவில்லை.

செப். 12, வெள்ளி

காலையில் அவர் கூப்பிட்டார். கப்பல் வைஃபை, குரல் விட்டு விட்டு வந்தது. பிளானை வாசித்துக் காட்டினேன். கடற்கரை, படகு, கடல் நடைபாதை, மீன் காட்சிசாலை, பயணிகள் கப்பல்.

“கேக்குதா?”

“கேக்குது. யம்மா தாயே, நான் ஆறு மாசமா தண்ணியிலதான கீறேன். அங்க போயும் தண்ணியா?”

“அப்போ இன்னாதான் வேணும்?”

“எனுக்கு மரம் பாக்கணும். பெரிய மரமா. அத்துக்குக் கீழ ஒரு பெஞ்சு. ஆடாத பெஞ்சு. அதுல குந்திகினு இருந்தா போதும். அப்புறம் முடி வெட்டணும். இங்க இஞ்சின் ரூம் ஆயிலர் பையன் வெட்டி உட்டான், எலி கொறிச்சாப்புல கீது.”

சிரித்துச் சிரித்து எனக்கு இருமல். இத்தனை வருஷம் கப்பல்காரனோடு குடும்பம் நடத்தி, அவரைக் கடல் பார்க்க அனுப்பப் பார்த்தேனே. எனக்குக் கடல் என்றால் காசிமேடு, ஞாயிற்றுக்கிழமை, வஞ்சிரம். அவருக்கு ஆபீஸ். ஆபீஸுக்கு யாராவது டூர் போவார்களா.

“கயிறு கட்டட்டும் மே, அப்புறம் பேசு” என்றார் கடைசியில். எப்போதும் சொல்வதுதான். கப்பலின் கயிறு ஜெட்டியில் விழுகிற வரைக்கும் அவருக்கு எந்த ஊரும் ஊர் இல்லை.

இரண்டாம் வரைவு. கடற்கரை அடித்தாயிற்று. படகு அடித்தாயிற்று. ஊருக்குள்ளேயே பெரிய காடு மாதிரி ஒரு பூங்கா இருக்கிறது. கட்டிப் பிடித்தால் நாலு ஆள் கை வேண்டும், அவ்வளவு பருமனான மரங்கள். சலூன்: யசோ விசாரிக்கட்டும்.

எனக்கும் போகணும் போல இருக்கிறது. கல்யாணம் ஆகி அவரோடு நான் போன ஊர்: திருப்பதி (அவர் அம்மாவுக்காக), நாக்பூர் (பாபாசாகேப் தீட்சை நாளுக்கு, மொத்தத் தெருவும் சேர்ந்து), மும்பை (அவர் கப்பல் ஏற, நான் ஸ்டேஷனில் கை காட்ட). இரண்டு பேர் மட்டும், சும்மா சுற்ற, ஒரு ஊரும் இல்லை. எழுதியாயிற்று. மேலே ஆக வேண்டியதைப் பார்க்கலாம்.

செப். 14, ஞாயிறு

காசிமேடு போகவில்லை. யசோ கூப்பிடுவாள் என்று வீட்டிலேயே. துணி ஊறவைத்தது. புத்தர் படத்துக்கும் பாபாசாகேப் படத்துக்கும் தூசி தட்டினேன்.

யசோ வீடியோவில் வந்தாள். வேலை பார்க்கிற கடையில் சனி, ஞாயிறு லீவு வாங்கிவிட்டாள். அதற்காக மூன்று பேரின் ஷிஃப்டைச் செய்து கொடுத்தாளாம். இனி கிறிஸ்துமஸ் வரை கேட்கவே முடியாது.

“எங்க தங்குவ?”

“ஜோயலோட அக்கா வூடு கீது மா, வான்கூவர்லயே.”

“தனி ரூமா?”

“மா!”

“கேட்டேன், அவ்ளோதான்.”

“அக்கா கூட படுத்துக்கறேன். போதுமா?”

ஜோயலும் வருகிறானாம். எனக்குத் திக்கென்றது. பேச்சு நடத்தும்போது அவன் பக்கத்திலேயே இருக்கக் கூடாது என்றேன். முதலில் அவள் சொல்லட்டும், நைனா முகம் எப்படிப் போகிறது என்று பார்க்கட்டும், பிறகு தள்ளி ஒரு காபிக் கடையில் காத்திருக்கிற பையனைக் கூப்பிடட்டும். சரி என்றாள். அவள் குரலில் பயம். என் பிள்ளைக்கு இப்படி ஒரு குரல் இருப்பதே எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் பையன்களை அடித்துவிட்டு வந்து நிற்பாள்.

வீடியோவில் ஜோயல் தலையை நீட்டி, “வணக்கம் ஆன்ட்டி.” வட்ட முகம். கருவாடு வறுத்துக்கொண்டிருந்தான். அங்கேயும் அதே கருவாடு, பேர்தான் வேறே. பக்கத்து அறைக்காரர்கள் புகார் செய்வார்களாம். எங்களுக்கும் அதே பேஜாருதான் தம்பி, என்றேன். அவனுக்குப் புரியவில்லை, ஆனாலும் சிரித்தான்.

செப். 16, செவ்வாய்

ஆபீஸில் மஸ்தான் பாய் போனில் ஒரு ஆப் காட்டினார். உலகத்தில் ஓடுகிற கப்பலெல்லாம் புள்ளி புள்ளியாக. பாய் கன்டெய்னர் சர்வேயர், ராயபுரம், பொறுமையான மனுஷன். கப்பல் பெயரைத் தட்டினோம். பச்சைப் புள்ளி. வான்கூவருக்கு வெளியே, அசையாமல்.

“நிக்குதே பாய்.”

“நங்கூரம் போட்டுகிறான். நம்ம காட்டுப்பள்ளியில வர்ற கன்டெய்னர் கப்பலு மாதிரியா? அது வந்தவுடனே ஏத்துவான், இறக்குவான், பூடுவான். இது தானியக் கப்பலும்மா. முன்னாடி நிக்கிறவன் போனாத்தான் இவன் உள்ள போவான்.”

“முன்னாடி நிக்கிறவன் எப்பப் போவான்?”

“மழை நிக்கணும். கோதுமை நனையக் கூடாதுல்ல. மழை பேஞ்சா மூடிய மூடிட்டுக் கையக் கட்டிகினு நிப்பானுங்க.”

போனில் வான்கூவர் வானிலை பார்த்தேன். மேகம், கோடு கோடாக மழை. நாளை மழை. நாளை மறுநாளும் மழை. எங்கள் யார்டில் மழை பெய்தாலும் பெட்டி ஏறும், இறங்கும். டிரைவர்தான் நனைவான். அதனால் பிளானில் எல்லாம் எழுதினேன், மழையை எழுதவில்லை.

செப். 18, வியாழன்

அவர் கூப்பிட்டார். ஜெட்டி கிடைக்காது. இந்த வாரக் கடைசிக்கு வாய்ப்பே இல்லை. முன்னால் இருக்கிற கப்பல் இன்னும் பாதிகூட ஏற்றவில்லை.

“படகுல கரைக்கு வர முடியாதா?”

“படகு கேப்டனுக்கும் ஏஜெண்டுக்கும் மே. எனுக்கு யாரு வுடுவா. ஊரு கண்ணு முன்னாடி கீது. மரம் கூடத் தெரியுது. கட்டடத்துல வெளக்கு போடறான், அணைக்கிறான், அத்தப் பாத்துகினு கீறேன். யசோவ வராதேன்னு சொல்லிடு. பாவம், பஸ்ஸுல அலைய வாணாம்.”

“நீயே சொல்லு.”

“நீ சொல்லு மே.”

இப்படித்தான். அப்பனுக்கும் நான் சொல்ல வேண்டும், மகளுக்கும் நான் சொல்ல வேண்டும். நான் என்ன போஸ்டாபீஸா? கோபத்தில் போனை வைத்துவிட்டேன். பிறகு கழிவறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன். முகம் கழுவினேன். வந்தால் ஜன்னலில் நாலு டிரைவர்கள். ஒருத்தன், “யக்கா, எம்மா நேரம்?” அவனுக்கு என்ன தெரியும். பாஸ் போட்டுக் கொடுத்தேன்.

செப். 19, வெள்ளி

இங்கேயும் மழை பிடித்துக்கொண்டது. சுரங்கப்பாதையில் தண்ணீர், பஸ் சுற்றிக்கொண்டு போனது. செருப்பு அறுந்தது.

யசோ அழுதாள். லீவு போய்விடும். அவர் மறுபடி கனடா பக்கம் எப்போது வருவார், தெரியாது. இந்த ஒப்பந்தம் முடிந்து அவர் இங்கே வந்தால் அவள் அங்கே. “இனிமே நீயே சொல்லிடு மா. என்னால முடியாது.”

ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டே யோசித்தேன். பிறகு கேட்டேன்: “அந்த பீச்சுலேர்ந்து கப்பல் தெரியுமா?”

“எந்த பீச்சு?”

“நான் பிளான்ல போட்டு உங்க நைனா அடிச்சாரே. இங்கிலீஷ் பே.”

அவள் ஜோயலைக் கேட்டாள். அவன் அங்கே முன்னே தங்கியிருந்தவன். தெரியுமாம். நங்கூரம் போட்ட கப்பலெல்லாம் வரிசையாக அந்தக் கரைக்கு எதிரேதான் நிற்குமாம்.

“அப்போ பஸ் ஏறு. பீச்சுல நில்லு. அவரு கப்பல் முன்பக்கத்துல வந்து நிக்கட்டும். போன்ல பேசு. நேர்ல இல்லேன்னாலும் கண்ணுக்கு எட்டின தூரத்துல சொன்னதாவாவது இருக்கட்டும்.”

“அவ்ளோ தூரத்துல நான் அவருக்கு எறும்பு மாதிரி தெரிவேன் மா.”

“மஞ்சக் கோட்டு வச்சிருக்கியே, மழைக் கோட்டு, அத்தப் போட்டுக்கோ. எறும்பா இருந்தாலும் மஞ்ச எறும்பா இரு.”

அவரிடம் சொன்னேன். உம் என்றார். பிறகு, “செவப்பு பெயிண்டு, மஞ்ச கிரேனு. அத்துதான் நம்மளுதுன்னு சொல்லு அவகிட்ட.” குரலே மாறிவிட்டது. சின்னப் பையன் மாதிரி. ஜோயல் காபிக் கடையிலேயே இருக்க வேண்டும் என்று யசோவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

செப். 21, ஞாயிறு

கையெழுத்து கோணலாக வருகிறது. வரட்டும்.

விடிந்ததும் மொட்டை மாடி. அங்கேதான் சிக்னல். கீழே தெருவில் தண்ணீர் லாரிக்குக் குடம் வரிசை போட ஆரம்பித்திருந்தார்கள். அங்கே சனிக்கிழமை சாயங்காலம். மூன்று பேரும் ஒரே லைனில். யசோ பக்கம் காற்று இரைச்சல், மழை.

“எத்து நைனா உன்னுது? எல்லாமே செவப்பாதான் கீது!”

“லெப்ட்லேர்ந்து மூணாவது. மஞ்ச கிரேனு. நான் கப்பல் மூக்குல நிக்கிறேன். கைய ஆட்றேன் பாரு.”

“தெரியலியே.”

“நான் உன்னப் பாத்துட்டேன்.”

“எப்டி?”

“சீஃப் ஆபீசரான்ட பைனாக்குலர் வாங்கியாந்தேன். மஞ்சக் கோட்டு. மெலிஞ்சிட்டியே கண்ணு. ஒழுங்கா சாப்புட்றியா இல்லியா?”

அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. எனக்கும்தான். காக்கா ஒன்று பக்கத்திலேயே உட்கார்ந்து கத்துகிறது, அதை விரட்டக்கூடத் தோன்றவில்லை. அப்போது அவர் கேட்டார்:

“பக்கத்துல குடை புடிச்சிகினு நிக்கிறது யாரு?”

ஐயோ என்று இருந்தது. மழை வலுத்ததும் பையன் காபிக் கடையை விட்டுக் குடையோடு ஓடி வந்திருக்கிறான். எறும்பு மாதிரித்தானே தெரிவோம் என்று இவளும் விட்டுவிட்டாள். கப்பலில் பைனாக்குலர் இருக்கும் என்று ஒரு கப்பல்காரன் பெண்டாட்டிக்குத் தோன்றவில்லை, ஒரு கப்பல்காரன் மகளுக்கும் தோன்றவில்லை. மஞ்சள் கோட்டு போடு என்று சொன்னவளும் நான்தான்.

கையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

“நைனா, அவுரு பேரு ஜோயல். நான் அவரத்தான் கட்டிக்கலாம்னு கீறேன். உன்கிட்ட நேர்ல சொல்லணும்னுதான் வந்தேன்.”

சொல்லிவிட்டாள். என் பெண் சொல்லிவிட்டாள்.

“எந்த ஊரு?”

“பிலிப்பைன்ஸ்.”

“கப்பல்காரனா?”

“இல்ல நைனா, அவுரு…”

லைன் கட். அவர் வைத்தாரா, சிக்னலா, தெரியவில்லை. “இல்ல” என்றது அவர் காதில் விழுந்ததா, அதுவும் தெரியவில்லை. யசோ என்னைத் திரும்பக் கூப்பிட்டு அழுகை. அவரைக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. மழையில் எவ்வளவு நேரம் நிற்பது, போய்விடட்டுமா என்றாள்.

“நகராத. அங்கியே நில்லு.”

“அவரு பாக்கல மா. கோவிச்சிகினு உள்ள பூட்டாரு.”

“அவரு பாத்துகினுதான் இருப்பாரு. எனக்குத் தெரியும். நில்லு.”

எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. சொன்னேன். கீழே இறங்கி அடுப்பில் உலை வைத்தேன். அரிசி போட்டேனா இல்லையா என்று மூடியைத் திறந்து பார்த்தேன். மறுபடி மாடி. கீழே லாரி வந்துவிட்டது, யாரோ என் பேரைச் சொல்லிக் கத்தினார்கள். குடம் போனால் போகட்டும்.

அவர் என்னை மட்டும் கூப்பிட்டார்.

“உனுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“எங்கிட்ட சொல்லல.”

“உன் பொண்ணு சொல்லட்டும்னு வுட்டேன். எல்லாத்தையும் நானே சொல்லிகினு இருந்தா, நீங்க ரெண்டு பேரும் எப்பதான் பேசுவீங்க?”

அவர் வேறு எதையோ சொல்வது போல மெதுவாகச் சொன்னார்:

“நான் இன்னும் பாத்துகினுதான் கீறேன் மே. அந்தப் பையன் குடையத் தன் மேல ஒரு வாட்டிகூட புடிக்கல. முழுசா அவ மேலியே கீது. இவன் தொப்பலா நனஞ்சி நிக்கிறான். காத்து குடையத் திருப்புது, மறுபடி சரி பண்ணி அவ மேலியே புடிக்கிறான்.”

அந்தக் காக்காவை இப்போதுதான் விரட்டினேன்.

“அவங்கள லைன்ல போடு” என்றார்.

போட்டேன். யசோ “நைனா” என்றாள். அவளிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. போனை அவன்கிட்ட குடு என்றார். குடுத்தாள். ஜோயல் “போசன், சார்” என்றான். பல்லெல்லாம் தந்தியடிக்கிறது, குளிரா பயமா தெரியவில்லை. அவர் அவனிடம் எனக்குப் புரியாத பாஷையில் ஏதோ கேட்டார். “குமாயின் கா நா?” அந்தப் பையன் சிரித்துக்கொண்டே “ஒப்போ, ஒப்போ” என்று ஏதோ சொன்னான். சிரிப்பு பாதியில் உடைந்தது.

“இன்னாடி கேட்டாரு? திட்டினாரா?”

“சாப்ட்டியான்னு கேக்குறாரு மா.”

சம்மதம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. “கயிறு கட்டட்டும், அப்புறம் பேசிக்கலாம். ரெண்டு பேரும் மொதல்ல நனையாம போங்க” என்று வைத்துவிட்டார். அடுப்பில் சோறு குழைந்து கூழாகி இருந்தது. உப்புப் போட்டு அப்படியே குடித்தேன். நல்லாத்தான் இருந்தது.

செப். 22, திங்கள்

தண்ணீர் பிடிக்காததால் நேற்று முழுக்க எதிர் வீட்டுக் கடன் தண்ணீர். ஆபீஸில் தலைவலி. மஸ்தான் பாய் ஆப்பைத் திறந்து, “புள்ளி நகரப் போகுதும்மா.” அங்கே மழை விட்டுவிட்டதாம். முன் கப்பல் கிளம்பப் போகிறது. இன்னும் ஒரு நாளில் இவர்கள் ஜெட்டிக்குள்.

வயிற்றெரிச்சல். யசோ நேற்றே பஸ் ஏறிவிட்டாள். இன்றைக்கு வகுப்பு, சாயங்காலம் கடை. அவள் போன பிறகு வெயில் அடிக்கிறதாம் அந்த ஊரில்.

பத்து மணிக்கு டீ குடிக்கும்போது அவர் மெசேஜ். எழுத்தில்தான், குரல் இல்லை. “யசோவுக்கு லீவு இல்ல, அந்தப் பையன் அக்கா வூட்லயே கீறான்னு சொன்னியே. அவன ஹார்பர் கேட்டுக்கு வரச் சொல்லு.”

தனியாக அந்தப் பையனை எதற்கு? வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லவா? அவர் அப்படிச் செய்கிற ஆள்தான். போனில் சொல்வது மரியாதை இல்லை என்று நினைப்பவர், என்னைப் போலவே.

யசோவிடம் சொன்னேன். அவளும் அதையேதான் நினைத்தாள். ஆனால் ஜோயல் உடனே சரி என்றானாம். அவனுக்கு புதன் வரை லீவு. கேட்டுக்கு எந்த பஸ் என்று மட்டும் கேட்டானாம்.

பிளான், கடைசி வரைவு, இரண்டு ஆண்களுக்கு:

முடிவெட்டு.
பிறகு மரம்.
பிறகு பெஞ்சு.
தண்ணீர் கூடாது.

யசோ ஆங்கிலத்தில் போட்டு அவனுக்கு அனுப்பினாள். கடைசி வரிக்குக் காரணம் கேட்டானாம். அதை நைனாவே சொல்வார் என்றாளாம்.

செப். 24, புதன்

தூக்கம் சரியில்லை. எழுந்ததும் போன். ஒன்றும் இல்லை. குளித்துவிட்டு வந்து பார்த்தேன், ஒன்றும் இல்லை. ஷேர் ஆட்டோவில் ஒன்றும் இல்லை. யசோ மட்டும் விடாமல்: “ஏதாவது வந்துச்சா மா?” “வந்துச்சா?” ஜோயல் போன் ஆஃப். சார்ஜ் போயிருக்கும் என்றேன். எனக்கே ஒன்றும் தெரியாது, இதில் ஊருக்கு சமாதானம்.

ஆபீஸ். ஏ.சி. சரி செய்துவிட்டார்கள், இப்போது ஐஸ் மாதிரி. முதல் வண்டிக்கு பாஸ் போடும்போது படம் வந்தது.

பெஞ்சு. பின்னால் மரம், படத்தில் அடி மட்டும்தான் அடங்கியிருக்கிறது, மற்றதெல்லாம் மேலே எங்கோ. பெஞ்சில் இரண்டு பேர். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி முடிவெட்டு, பக்கவாட்டில் ஒட்ட. கையில் பேப்பர் கப்பு. யாரும் சிரிக்கவில்லை. கேமராவைப் பார்க்கவும் இல்லை. இரண்டு பேரும் மேலே மரத்தைப் பார்க்கிறார்கள்.

கீழே குரல் செய்தி. ஜன்னலை மூடிவிட்டுக் காதில் வைத்தேன்.

“இன்னா மே. மரம் பாத்தாச்சு. பெஞ்சு ஆடல. இவன் அப்பாவும் கப்பல்காரன்தானாம். இவன் ஸ்கூல்ல சேந்தப்போ இல்லியாம், பாஸானப்போ இல்லியாம், அம்மாக்கு ஒடம்பு முடியாதப்போ இல்லியாம். இவன் சொல்லிகினே கீறான், நான் மேல மரத்தப் பாத்துகினே இருந்தேன். இன்னா பண்ண சொல்ற… இவனுக்குப் படகுல ஏறுனாலே வாந்தி வருமாம் மே. ஏரியில போற படகுலயே வாந்தியாம். நல்ல பையன். யசோகிட்ட சொல்லிடு.” அப்புறம் கொஞ்சம் இடைவெளி. “வாணாம். நானே சொல்றேன்.”

ஜன்னலை யாரோ தட்டுகிறார்கள். வண்டி எண் கேட்க வேண்டும்.